90 நாள் விதியும் 45 நிமிட நஷ்டமும்

வங்கியிலோ ஐ.டி. நிறுவனத்திலோ கணினி முன் உட்காரும் எவருக்கும் பழகிப்போன அறிவிப்பு அது: உங்கள் கடவுச்சொல் இன்னும் 7 நாட்களில் காலாவதியாகும். பல அலுவலகங்களில் 3 மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும். வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். பழைய கடவுச்சொல்லின் கடைசியில் இருக்கும் 4-ஐ 5 ஆக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். இதனால் பாதுகாப்பு கூடுகிறதா என்றால், பெரிதாக இல்லை. இது ஊழியர்களின் புலம்பல் மட்டுமல்ல, ஆய்வில் தெரியவந்த முடிவும்கூட. உலகெங்கும் நிறுவனங்கள் பின்பற்றும் பாதுகாப்பு வழிகாட்டிகளை வெளியிடும் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் (சுருக்கமாக என்.ஐ.எஸ்.டி.) இந்த வழக்கம் வேண்டாம் என்று 2017-லேயே சொல்லிவிட்டது. 2025-இல் வந்த புதிய பதிப்பில், காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லவே கூடாது என்று தடையே போட்டுவிட்டது.

ஆய்வாளர்கள் கைவிட்ட விதி அலுவலகங்களில் மட்டும் ஏன் உயிரோடு இருக்கிறது? நிர்வாகத்தின் மெத்தனம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இன்றைய நிறுவனங்களில் விதிகள் காகிதத்தில் இல்லாமல் மென்பொருளுக்குள் இருப்பதுதான். எந்தச் சட்டத்துக்கும் தரநிலைக்கும் நிறுவனம் கட்டுப்பட்டது, அதற்காக என்னென்ன உள்விதிகளை வைத்திருக்கிறது, அவை கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதற்கு ஆதாரம் என்ன என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துக் கண்காணிக்கும் 'கம்ப்ளையன்ஸ்' மென்பொருள்கள் இன்று சாதாரணமாகிவிட்டன. அவற்றில் ஒரு விதியைச் சேர்ப்பது எளிது. உள்ளே போன விதியை ஒழுங்காக வெளியே கொண்டுவருவதுதான் கடினம். ஏன் கடினம் என்று பார்க்க, இந்தக் கடவுச்சொல் விதியின் கதையே நல்ல வழி.

விதிக்குள் ஒரு கணக்கு

1985-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கடவுச்சொல் நிர்வாகத்துக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. அட்டையின் நிறத்தால் அதைப் 'பச்சைப் புத்தகம்' என்பார்கள். ஒரு கடவுச்சொல்லை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதற்கு அதில் ஒரு வாய்ப்பாடு இருந்தது. கடவுச்சொல்லின் ஆயுளையும், எதிரி எவ்வளவு வேகமாக ஊகித்துப் பார்க்க முடியும் என்பதையும் பெருக்க வேண்டும். மொத்தம் எத்தனை கடவுச்சொற்கள் சாத்தியமோ, அந்த எண்ணால் வகுக்க வேண்டும். அந்த ஆயுளுக்குள் எதிரி சரியான விடையில் விழும் வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆயுள் குறைந்தால் வாய்ப்பும் குறையும். கையேடு பரிந்துரைத்த உச்ச ஆயுள் 1 ஆண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 8 ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் ஆன கடவுச்சொற்கள் சுமார் 20,880 கோடி இருக்க முடியும். தொலைபேசிக் கம்பி வழியே இணைந்த அந்தக் காலத்து முனையத்தில் நிமிடத்துக்கு 10 முறை முயலலாம் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் 52.56 லட்சம் முயற்சிகள். வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 40,000-இல் 1. ஆயுளை 90 நாளாகக் குறைத்தால் 1.6 லட்சத்தில் 1. நான்கு மடங்கு பாதுகாப்பு. அந்தச் சூழலுக்கு நியாயமான விதிதான்.

ஆனால் இந்தக் கணக்கு இரண்டு ஊகங்களின் மேல் நிற்கிறது. எதிரியின் வேகம் குறைவு என்பது முதலாவது. புதிய கடவுச்சொல்லுக்கும் பழையதற்கும் எந்தத் தொடர்பும் இருக்காது என்பது இரண்டாவது.

முதல் ஊகத்தைக் கணினி வளர்ச்சி உடைத்தது. கடவுச்சொற்களை அப்படியே சேமிக்காமல், பின்னோக்கிப் பிரிக்க முடியாத 'ஹாஷ்' என்ற கணித உருவில் சேமிப்பது வழக்கம். இந்தக் கோப்பு திருடுபோய்விட்டால் எதிரி முனையத்தின் முன் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தன் கணினியிலேயே எல்லாவற்றையும் முயன்று பார்க்கலாம். எளிதில் கணக்கிடக்கூடிய பழைய ஹாஷ் முறைகளில், விளையாட்டுக்கு வாங்கும் ஒரே ஒரு உயர்ரக கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்கு 10,000 கோடிக்கும் மேல் முயற்சி செய்யும். மேலே சொன்ன 20,880 கோடியும் இரண்டே நொடியில் தீர்ந்துவிடும். அப்புறம் ஆயுள் 90 நாளா ஓராண்டா என்ற கேள்விக்கே பொருள் இல்லை.

இரண்டாவது ஊகத்தை மனித இயல்பு உடைத்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யின்சியான் ஜாங், ஃபேபியன் மன்ரோஸ், மைக்கேல் ரைட்டர் ஆகிய மூவரும் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றும் கட்டாயம் இருந்த, பயன்பாட்டில் இல்லாத 7,700-க்கும் மேற்பட்ட பழைய கணக்குகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவரின் முந்தைய கடவுச்சொல் தெரிந்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 17 சதவீதக் கணக்குகளில் 5 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹாஷ் கோப்பும் கையில் இருந்தால், 41 சதவீதக் கணக்குகளில் கணக்குக்கு 3 நொடி போதுமானதாக இருந்தது. எண்ணை ஒன்று கூட்டுவது, ஓர் எழுத்தைப் பெரிதாக்குவது, கடைசிக் குறியை முன்னால் கொண்டுவருவது என்று பலரும் ஒரே மாதிரியே மாற்றியிருந்தார்கள்.

இதன்பிறகு விதிக்கு ஆதரவு கழலத் தொடங்கியது. 2003-இல் என்.ஐ.எஸ்.டி.யின் பழைய கடவுச்சொல் அறிவுரையை எழுதிய பில் பர், ஓய்வுபெற்ற பின் 2017-இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழுக்குப் பேசியபோது தாம் சொன்னதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகக் கூறினார். மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து கடவுச்சொல் காலாவதியை நீக்கியது. கடவுச்சொல் கசிந்ததற்கான தடயம் இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்பதே இன்றைய நிலை.

கொள்கை எங்கே வாழ்கிறது?

இனி அலுவலகத்துக்குள் வருவோம். கடவுச்சொல் விதியை விலக்கிக்கொள்ள ஒரு நிறுவனம் முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாலிசி ஆவணத்தைத் திறந்து அந்தப் பத்தியை நீக்கினால் போதாதா?

போதாது. கம்ப்ளையன்ஸ் மென்பொருளில் ஒரு கொள்கை தனித்து இருப்பதில்லை. மேலே அது எந்தச் சட்டத்துக்காக, எந்தத் தரநிலைக்காக என்ற இணைப்புகள் இருக்கும். கீழே 'கன்ட்ரோல்' எனப்படும் செயல்பாட்டு விதிகள் தொங்கும். ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் கீழே தானியங்கிச் சோதனைகள் இருக்கும். சர்வரின் அமைப்பைத் தினமும் படித்துப் பார்த்து, கடவுச்சொல் ஆயுள் 90 நாளைத் தாண்டியிருந்தால் சிவப்பு விளக்கு எரிய வைப்பது அவற்றின் வேலை. பக்கவாட்டில், நான் இந்தக் கொள்கையைப் படித்தேன் என்று ஊழியர்கள் ஆண்டுதோறும் தரும் ஒப்புதல்கள், பயிற்சி வகுப்புகள், வாடிக்கையாளர் அனுப்பும் பாதுகாப்புக் கேள்வித்தாளுக்கு எழுதிவைத்த பதில்கள், ஒப்பந்தங்களின் இணைப்புகள் என்று போய்க்கொண்டே இருக்கும்.

கணிதத்தில் இதைக் கோட்டுரு என்பார்கள்: புள்ளிகளும் அவற்றை இணைக்கும் திசையுள்ள கோடுகளும். ஒரு புள்ளியை நீக்குவது சுலபம். அதைச் சார்ந்திருக்கும் மற்ற புள்ளிகள் அந்தரத்தில் நிற்கும் என்பதுதான் சிக்கல். ஆவணத்தை மட்டும் ஓய்வில் அனுப்பிவிட்டுச் சோதனையை நிறுத்தாமல் விட்டால், ஆளில்லாத விதியின் பேரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்க்கும் பொறியாளர், ஏதோ தவறு என்று நினைத்து, 90 நாளைத் திரும்பவும் போட்டுவிடுவார். விண்டோஸில் டொமைன் அமைப்பைத் தொடாமல் விட்டால் கடவுச்சொல்லின் இயல்பான உச்ச ஆயுள் 42 நாள். யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு விதி அங்கே தானாகவே நடந்துகொண்டிருக்கும்.

சில கோடுகளை அறுக்கவே முடியாது. பணம் செலுத்தும் அட்டைகளைக் கையாளும் நிறுவனங்களுக்கான பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். தரநிலையில் 90 நாள் விதி இன்னும் இருக்கிறது. 2022-இல் வந்த 4-ஆம் பதிப்பு அதைத் தளர்த்தியது: கடவுச்சொல் ஒன்று மட்டுமே அடையாளச் சான்றாக இருக்கும் கணக்குகளில், 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; அல்லது கணக்கின் பாதுகாப்பு நிலையை அவ்வப்போது மென்பொருளே அலசிப் பார்க்க வேண்டும். ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சான்று இருந்தால் இந்த நிபந்தனை பொருந்தாது. அட்டைத் தரவைத் தொடும் நிறுவனம் முதலில் இரண்டாவது சான்றைக் கொண்டுவந்துவிட்டு, பிறகுதான் பழைய விதியை விலக்கலாம். வரிசை மாறினால், காலாவதியான விதியைத் தூக்கியெறிந்த நிறுவனமே விதிமீறல் செய்ததாகிவிடும்.

இரண்டு கடிகாரங்கள்

அவசரக்காரர்களுக்கு ஒரு வழி தெரியும். எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிட்டால் இணைப்பும் இல்லை, தொல்லையும் இல்லை. ஆனால் தணிக்கையாளர் கேட்கும் கேள்வி எப்போதும் கடந்த காலத்தைப் பற்றியது. சென்ற ஆண்டு ஆகஸ்டில் உங்கள் விதி என்னவாக இருந்தது, அன்று அதைப் பின்பற்றினீர்களா என்றுதான் கேட்பார். அமெரிக்க மருத்துவத் தரவுச் சட்டமான ஹிப்பா, ஒரு கொள்கை உருவான நாளிலிருந்தோ கடைசியாக நடைமுறையில் இருந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 6 ஆண்டுகள் அதை வைத்திருக்கச் சொல்கிறது.

சட்ட உலகம் இதை வெகுகாலமாக அறியும். ஒரு சட்டத்தை நீக்கினாலும், அது இருந்த காலத்தில் உண்டான உரிமைகளும் பொறுப்புகளும் தண்டனைகளும் நீங்குவதில்லை என்று இந்தியாவின் 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் விடைபெற்று பாரதிய நியாய சம்ஹிதா வந்தது. ஆனால் ஜூன் 30 அன்று நடந்த குற்றத்துக்கு இன்றும் பழைய சட்டம்தான். செத்துப்போன சட்டம் நீதிமன்றத்தில் இன்னும் பல ஆண்டுகள் பேசும்.

இதைத் தரவுத்தளத்தில் எப்படி வைப்பது? ஒரு தேதி போதாது, இரண்டு காலக் கணக்குகள் வேண்டும் என்பது 1980-களிலிருந்து ரிச்சர்ட் ஸ்னாட்கிராஸ் போன்ற ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த கருத்து. ஒரு கடிகாரம் உலகில் எப்போது உண்மையாக இருந்தது என்பதைக் காட்டும். இன்னொன்று நம் கணினிக்கு எப்போது தெரியவந்தது என்பதைக் காட்டும். ஜூலை 1 முதல் 90 நாள் விதி கிடையாது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. பொறுப்பாளர் அதை மென்பொருளில் பதிந்தது ஜூலை 15. இடையே ஜூலை 10 அன்று, 40 கணக்குகள் விதியை மீறியிருக்கின்றன என்று மென்பொருள் அறிக்கை தந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த அறிக்கை பொய்யா? முதல் கடிகாரத்தின்படி அங்கே மீறலே இல்லை. இரண்டாவது கடிகாரத்தின்படி, அன்றைக்குக் கணினிக்குத் தெரிந்ததை அது நேர்மையாகச் சொன்னது. தேதியை ஒரே கட்டத்தில் எழுதி, பழையதை அழித்து மேலே புதியதை எழுதும் மென்பொருளில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். பின்னால் வருபவருக்கு ஜூலை 10 அறிக்கை பிழையாகவோ மோசடியாகவோ தெரியும். தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல்.-இன் 2011-ஆம் ஆண்டுத் தரநிலையில் இந்த இரு காலங்களுக்கும் இடம் தரப்பட்டது இதனால்தான்.

உறங்கும் விதி ஆபத்தில்லாததா?

அழிக்கக் கூடாது என்றால் அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். பயன்படாத விதி ஒரு மூலையில் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்துக்கு அந்த நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

அந்த நிறுவனத்தின் வர்த்தக மென்பொருளில் 'பவர் பெக்' என்றொரு பகுதி இருந்தது. 2003-இல் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தினார்கள். ஆனால் நிரலை எடுக்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் கேட்ட அளவு பங்குகள் வாங்கியாகிவிட்டதா என்று எண்ணி, போதும் என்று நிறுத்தும் வேலை பவர் பெக்கில் இருந்தது. 2005-இல் அந்த எண்ணும் வேலையை மென்பொருளின் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மாற்றிய பின் பவர் பெக் சரியாக ஓடுகிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. ஓடாத ஒன்றை எதற்குச் சோதிப்பது?

2012-இல் நியூயார்க் பங்குச் சந்தை தொடங்கவிருந்த ஒரு புதிய திட்டத்துக்காக மென்பொருளைப் புதுப்பித்தார்கள். புதிய வசதியை இயக்க ஒரு குறியீடு தேவைப்பட்டது. முன்பு பவர் பெக்கை இயக்கிய அதே குறியீட்டை எடுத்து இதற்குக் கொடுத்தார்கள். பவர் பெக்கை அகற்றிவிட்டுப் புதிய நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏறியது 7-இல் மட்டுமே. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், அந்தக் குறியீட்டுடன் வந்த ஆணைகள் எட்டாவது சர்வரில் 9 ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்த பவர் பெக்கை எழுப்பிவிட்டன. போதும் என்று சொல்ல அதனிடம் இப்போது ஆளில்லை. 212 சிறிய ஆணைகளை நிறைவேற்றப் புறப்பட்ட மென்பொருள், 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் அதிகமான பரிவர்த்தனைகளைச் செய்து முடித்தது. கைமாறிய பங்குகள் 39.7 கோடி. தவறு எங்கே என்று புரியாமல், சரியாக ஓடிய 7 சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்தார்கள். இதனால் அவற்றிலும் பழைய பவர் பெக் விழித்துக்கொண்டது. பவர் பெக்கைக் குறிப்பிட்டு அந்த மென்பொருளே 97 மின்னஞ்சல்களைச் சந்தை திறப்பதற்கு முன்பே அனுப்பியிருந்தது. அவற்றை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, உறங்கும் விதி அப்படியே இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிடுகிறது. எழும்போது அது வேறொரு வீட்டில் எழுகிறது. இரண்டு, ஓய்வுபெற்ற ஒன்றின் அடையாள எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

இரண்டாவது பாடத்தைச் சட்டங்களும் தரநிலைகளும் கடைப்பிடிப்பதில்லை. அந்தச் சுமை மென்பொருளின் தலையில் விழுகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 302 என்றால் கொலைக்குத் தண்டனை. புதிய சம்ஹிதாவில் 302 என்பது பிறர் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுவது. கொலைக்குத் தண்டனை 103-க்குப் போய்விட்டது. ஏமாற்றுக்காரனுக்கு நம் ஊர் தந்த பட்டப்பெயரான 420-க்குப் புதிய சட்டத்தில் இடமே இல்லை, அது 358 பிரிவுகளோடு முடிந்துவிடுகிறது. தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 தரநிலையின் 2013 பதிப்பில் 114 கன்ட்ரோல்கள் இருந்தன. 2022 பதிப்பில் அவை 93 ஆகச் சுருங்கின. பழைய பதிப்பில் 8 என்று தொடங்குபவை சொத்து நிர்வாகம். புதிய பதிப்பில் 8 என்று தொடங்குபவை தொழில்நுட்பக் கன்ட்ரோல்கள். வெறும் எண்ணை மட்டும் சேமித்து வைத்திருக்கும் மென்பொருள், எந்தப் பதிப்பின் எண் என்று தெரியாமல், தவறான விதிக்குச் சரியான ஆதாரம் காட்டிக்கொண்டிருக்கும்.

அடிக்குறிப்பை யார் படிப்பார்?

ஒரு விதி செத்துவிட்டது என்பதை எங்கே எழுதிவைக்க வேண்டும்? இந்தியாவில் இதற்கு ஒரு வேதனையான எடுத்துக்காட்டு உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, பேச்சுரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. அதன்பிறகும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தன. தீர்ப்பின் நகலை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பும்படி 2019-இல் உத்தரவிட்ட பிறகும் நிற்கவில்லை. 2021 ஜூலையில் இந்த விவகாரம் மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். அப்போது அரசின் தலைமை வழக்கறிஞர் ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டினார்: சட்டப் புத்தகத்தில் 66ஏ முழுமையாக அச்சாகி இருக்கிறது, ரத்தானது அடிக்குறிப்பில்தான் இருக்கிறது.

அவசரத்தில் புத்தகத்தைப் புரட்டும் காவலர் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை. 2022 அக்டோபரில், 66ஏ-யின்படி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டத்தை வெளியிடும் எவரும் 66ஏ-யை மேற்கோள் காட்டும்போது அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அறிவிக்கப்பட்டதை வாசகருக்குப் போதிய அளவு தெரியப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது.

பல கணினிகளில் ஒரே தரவின் நகல்களை வைத்திருக்கும் தரவுத்தளங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்தில் ஒரு பதிவை அழித்தால், அது உடனே மறைவதில்லை. 'இது இறந்துவிட்டது' என்ற அறிவிப்பு ஒரு புதிய பதிவாக எழுதப்படும். பொறியாளர்கள் அதைக் கல்லறைக் கல் என்று அழைக்கிறார்கள். வெறுமனே அழித்துவிட்டால், அந்த நேரத்தில் இணைப்பில் இல்லாத ஒரு கணினி திரும்பி வந்து, தன்னிடம் உள்ள பழைய நகலைக் காட்டி, உங்களிடம் இது விட்டுப்போயிருக்கிறதே என்று மற்றவற்றுக்கும் கொடுத்துவிடும். கல்லறைக் கல் இருந்தால் அந்தப் பழைய நகல் தோற்றுப்போகும். இயல்பான அமைப்பில் இந்தக் கல் 10 நாள் நிற்கும். அதற்குமேல் இணைப்பில் இல்லாத கணினி சரிபார்க்கப்படாமல் திரும்பினால் இறந்த தரவு எழுந்து வரும்.

இறப்பு அறிவிப்பு கிடைக்காத காவல் நிலையமும், இணைப்பறுந்த கணினியும், பழைய பாலிசியின் பி.டி.எஃப்.-ஐத் தன் மடிக்கணினியில் சேமித்து வைத்திருக்கும் மேலாளரும் ஒரே வகை. விதி ரத்தானது என்ற செய்தி, விதியைத் தேடுபவர் எங்கே தேடுவாரோ அங்கேயே, அதன் தலையிலேயே இருக்க வேண்டும்.

ஒழுங்காக ஓய்வு கொடுப்பது

இதைச் சரியாகச் செய்பவர்கள் இல்லாமல் இல்லை. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளான ஆர்.எஃப்.சி. ஆவணங்கள் வெளியான பின் ஒருபோதும் திருத்தப்படுவதில்லை, அழிக்கப்படுவதும் இல்லை. மின்னஞ்சலின் வடிவத்தை வகுத்த 822-ஆம் ஆவணம் 1982-இல் வந்தது. 2001-இல் 2822 அதன் இடத்தைப் பிடித்தது. 2008-இல் 5322 வந்தது. பழையதன் இணையப் பக்கத்தைத் திறந்தால், எது இதை நீக்கியது என்ற தகவல் மேலேயே இருக்கும். ஓர் எண் இன்னொரு ஆவணத்துக்குப் போவதே இல்லை. என்.ஐ.எஸ்.டி.யும் திரும்பப் பெற்ற வழிகாட்டிகளைத் தளத்திலிருந்து எடுப்பதில்லை. முன்னால் ஓர் அட்டை சேர்த்து, திரும்பப் பெற்ற நாளையும் அதற்கு மாற்றாக வந்த ஆவணத்தையும் குறிப்பிட்டுவிடுகிறது.

கம்ப்ளையன்ஸ் மென்பொருளில் இதே ஒழுங்கு நிலைமாற்றங்களாக அமையும். வரைவு, ஒப்புதல், நடைமுறை, மறுஆய்வு, ஓய்வு என்று ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு நிலை. ஓய்வு நிலைக்குள் நுழையும் முன் மென்பொருள் கேட்க வேண்டியவை சில. இதை நம்பியிருக்கும் கன்ட்ரோல்கள் எவை, அவற்றை எதற்கு மாற்றுகிறீர்கள்? எந்தத் தேதியிலிருந்து? இதன் இடத்தில் எது வருகிறது, அல்லது எதுவும் வரவில்லையா? யார் ஒப்புதல் தந்தார்? எதனால்? இவற்றுக்குப் பதில் வரும்வரை கதவு திறக்கக் கூடாது. பதில் வந்ததும் சோதனைகள் நிற்க வேண்டும், ஊழியர்களுக்குப் போகும் ஒப்புதல் நினைவூட்டல்கள் நிற்க வேண்டும், சர்வரில் இருக்கும் 90 மாற வேண்டும். பழைய ஆதாரங்களும் கையெழுத்துகளும் படிக்க மட்டும் கிடைக்கும்படி பூட்டப்பட வேண்டும். ஓய்விலிருந்து நடைமுறைக்குத் திரும்பும் பாதையே இருக்கக் கூடாது. தேவைப்பட்டால் புதிய எண்ணில் புதிய கொள்கை எழுதிக்கொள்ளலாம்.

இந்தக் கேள்விகளில் மற்றவற்றுக்கு எப்படியாவது பதில் கிடைத்துவிடும். 'எதனால்' என்ற கட்டத்தில்தான் பொதுவாக ஒன்றும் இருக்காது. ஓய்வு கொடுக்கும்போது மட்டுமல்ல, விதி பிறந்தபோதே அந்தக் கட்டம் காலியாக இருந்திருக்கும்.

நாட்காட்டியா, தடயமா?

பெரும்பாலான நிறுவனங்கள் இந்தச் சிக்கலுக்கு வைத்திருக்கும் மருந்து, ஆண்டுதோறும் மறுஆய்வு. ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு தேதி இருக்கும். தேதி வந்ததும் மென்பொருள் பொறுப்பாளருக்கு அஞ்சல் அனுப்பும். அவருக்கு அன்று வேறு வேலை இருக்கும். ஆவணத்தைத் திறந்து, முகப்பில் ஆண்டை மாற்றி, 3.1 என்ற பதிப்பை 3.2 ஆக்கி ஒப்புதலுக்கு அனுப்பிவிடுவார். திரையில் பச்சை விளக்கு எரியும்.

கடவுச்சொல்லின் கடைசி எண்ணை ஒன்று கூட்டிய அதே கை இது. வட கரோலினா ஆய்வில் தெரிந்த மனித இயல்புதான் பாலிசி மறுஆய்விலும் வேலை செய்கிறது. நாட்காட்டி கேட்டால் மனிதர்கள் நாட்காட்டிக்குப் பதில் சொல்வார்கள். முடிந்தவரை சிறிய மாற்றத்தால். கடவுச்சொல் விஷயத்தில் ஆய்வாளர்கள் கண்ட தீர்வு, காலத்தைப் பார்க்காமல் தடயத்தைப் பார்ப்பது. கசிந்ததற்கான அறிகுறி தெரிந்தால் மாற்று. கொள்கைகளுக்கும் அந்தத் தீர்வு பொருந்தும், ஆனால் எதைத் தடயம் என்று கொள்வது என்பதை முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்.

90 நாள் விதிக்கு அதை எழுதியிருக்க முடியும். பச்சைப் புத்தகத்தின் வாய்ப்பாட்டிலேயே அது இருந்தது. எதிரி முனையம் வழியாக மெதுவாகத்தான் முயல முடியும், புதிய கடவுச்சொல் பழையதோடு தொடர்பில்லாதது என்ற இரண்டு வரிகளை விதியோடு சேர்த்து மென்பொருளில் பதிந்திருந்தால், முதல் வரி கிராஃபிக்ஸ் அட்டைகள் வந்தபோது விழுந்திருக்கும். இரண்டாவது 2010-இல் விழுந்திருக்கும். விதியை யாராவது அன்றே கேள்வி கேட்டிருப்பார்கள். அது நடக்கவில்லை. கணக்கு கையேட்டில் தங்கிவிட்டது. 90 என்ற எண் மட்டும் கிளம்பி, தரநிலைகளுக்குள்ளும் சர்வர்களுக்குள்ளும் ஒப்பந்தங்களுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. காரணம் தெரியாத எண்ணை நீக்க எவருக்கும் துணிவு வராது. நீக்கிய பின் ஏதாவது நடந்தால் பழி தன் மேல் விழும்; வைத்திருந்தால் விழாது.

இந்த வேலை இந்தியாவில் இப்போது பெரிய அளவில் நடக்கிறது. 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி, பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த 9,000-க்கும் மேற்பட்ட சுற்றறிக்கைகளை விலக்கி, அவற்றில் உயிருள்ளவற்றை 244 தொகுப்பு உத்தரவுகளாக ஒழுங்குபடுத்தியது. ஒழுங்குபடுத்தியவர்களின் வேலை அத்தோடு முடிந்தது. ஒவ்வொரு வங்கியின் மென்பொருளுக்குள்ளும், பழைய சுற்றறிக்கையின் எண்ணைச் சுட்டிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான கோடுகளைத் தேடிப் பிடித்து மாற்றும் வேலை அன்றுதான் தொடங்கியது. அந்தச் சுற்றறிக்கை எதற்காக வந்தது என்று கொள்கையோடு எழுதி வைத்திருந்த வங்கிக்கு அது சில வார வேலை. எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்த வங்கிக்கு, ஒவ்வொரு விதியின் காரணத்தையும் முதலிலிருந்து தோண்டும் வேலை.

ஆகவே ஒரு விதிக்கு ஓய்வு கொடுப்பதை அதன் கடைசி நாளில் யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அதை எழுதுகிற முதல் நாளிலேயே, எது நடந்தால் இந்த விதி இனி தேவையில்லை என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால், விதி எதற்காக வருகிறது என்பதே இன்னும் தெளிவாகவில்லை.